காகிதத்தில் இருப்பவளுக்கு வலிக்குமா

இல்லாத ஒருத்திக்கு அநீதி இழைக்க முடியுமா? முடியாது என்று உடனே சொல்லிவிடலாம். வலிக்க உடல் வேண்டும், அவமானப்பட மனம் வேண்டும். மையிலும் காகிதத்திலும் இருப்பவளுக்கு இரண்டும் கிடையாது. ஆனால் ‘பெர்செர்க்’ தொடரின் 13ஆம் தொகுதியை வாசித்து முடித்த எந்தப் பெண்ணும் இந்தப் பதிலோடு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பல வருடங்களாக நான் மங்கா வாசிக்கிறேன். ஊறுகாய் போடும் மாங்காய் அல்ல, வலமிருந்து இடமாகப் புரட்டிப் படிக்கும் ஜப்பானியப் படக்கதை; வீட்டில் இந்த விளக்கத்தைப் பலமுறை கொடுத்தாயிற்று. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, ஆங்கிலத்தின் வழியாகத்தான் வாசிப்பு. ஒவ்வொரு தொடரைப் பற்றியும் எனக்குத் திட்டவட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. அவற்றைக் கேட்க ஆள்தான் கிடையாது. இப்போது கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளும் இந்தப் பக்கம் வந்துவிட்டதால் அந்தக் குறை தீர்ந்தது. பெர்செர்க்கில் காஸ்காவுக்குச் செய்தது அநியாயம் என்று நான் ஒருமுறை சொன்னபோது அவள் அசரவில்லை.

“சித்தி, அவ வெறும் மை. அவளுக்கு என்ன வலிக்கும்? வலிக்கிறது உங்களுக்குத்தான்.”

“எனக்கு வலிச்சா அது கணக்குல வராதா?”

“வரும். ஆனா அது உங்க கணக்கு, அவ கணக்கு இல்ல. இல்லாத ஒருத்திக்கு அநியாயம்னு ஆரம்பிச்சா, நாளைக்கு இதத் தடை பண்ணணும்னு ஒருத்தர் வந்து நிப்பாரு. பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? எந்தப் புத்தகத்தையும் யாரும் தடை செய்யக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பெண்கள் எழுதிய கவிதைகளை ஆபாசம் என்று கூச்சலிட்டவர்களை நம் தலைமுறையே பார்த்திருக்கிறது. ஆனால் தடை கேட்பது வேறு, நியாயம் கேட்பது வேறு. ஒரு கதை சட்டத்துக்கு உட்பட்டிருந்தும் அறத்தில் தவறியிருக்கலாம். அந்தத் தவறு எங்கே நடக்கிறது, யாருக்கு நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோசமாக வரையப்பட்ட பெண்கள் எல்லோருக்கும் அநீதி நடந்துவிட்டது என்று நான் கருதவில்லை. 2003 முதல் 2006 வரை வந்த ‘டெத் நோட்’ தொடரில் மிசா என்றொரு பெண் வருகிறாள். தன் காதலனுக்காக மிச்சமிருக்கும் ஆயுளில் பாதியை ஒருமுறை கொடுக்கிறாள். பிறகு மறுபடியும் பாதியைக் கொடுக்கிறாள். அவனுக்கோ அவள் ஒரு கருவி. எரிச்சலோடுதான் வாசித்தேன். ஆனால் மிசாவுக்காக என் தூக்கம் கெடவில்லை. ஏனென்றால் முதல் பக்கத்திலிருந்தே அவள் ஒரு பொம்மை. அவளை மனுஷியாக நம்பச் சொல்லி அந்தக் கதை என்னிடம் ஒருபோதும் கேட்கவில்லை. அது கதாசிரியரின் சோம்பல். சோம்பலும் அநீதியும் ஒன்றல்ல.

காஸ்கா அப்படியல்ல.

பெர்செர்க்கைக் கென்டாரோ மியூரா 1989இல் தொடங்கினார். ஐரோப்பாவின் இடைக்காலத்தை ஒத்த ஓர் உலகம், ஓயாத போர், கூலிப்படைகள். வெண்கழுகு போன்ற அழகனான கிரிஃபித் என்பவனின் படையில் ஆயிரம் பேருக்குத் தலைமை தாங்குகிறாள் காஸ்கா. கறுத்த நிறம், குட்டை முடி. அந்தப் படையில் தளபதியாக இருக்கும் ஒரே பெண். அவளுடைய கதையை அவளே சொல்கிறாள்: வறுமையில் உழன்ற பெற்றோர் அவளை ஒரு பிரபுவிடம் அனுப்பிவிட்டது, அவன் வழியில் அவள்மீது கைவைத்தது, அந்த நேரம் வந்து சேர்ந்த கிரிஃபித் அவளைக் காப்பாற்றாமல் அவள் முன்னே ஒரு வாளை எறிந்தது, அதை எடுத்து அவளே அவனைக் கொன்றது. போர்க்களத்தில் மாதவிலக்கின் காய்ச்சலோடு சண்டை போட்டு மயங்கி மலையிலிருந்து விழுகிறாள். ஆண்களுக்காக நடத்தப்படும் ஓர் இதழில், வாளேந்திய பெண்ணுக்கும் மாதவிலக்கு வரும் என்று ஓர் ஆண் வரைந்திருக்கிறாரே என்று வியந்தேன். டோல்ட்ரே கோட்டையைப் பிடிக்கும் படையை நடத்துபவள் அவள்தான். தலைவன் சிறைப்பட்டு, கதாநாயகன் கட்ஸும் விலகிப் போன பிறகு, சிதறிய படையை ஒரு வருடம் கட்டிக் காப்பவளும் அவள்தான்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கம் பக்கமாக, தொகுதி தொகுதியாக, மியூரா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டே வருகிறார்: இவள் ஓர் ஆள். இவளுக்கு உள்ளே ஓர் உலகம் இருக்கிறது. இவளுக்கு ஏதாவது நடந்தால் அது இவளுக்கு நடந்ததாக இருக்கும். எழுதுகிறவர் ஒரு பாத்திரத்துக்கு உயிர் கொடுப்பது என்பதே இந்த வாக்கைக் கொடுப்பதுதான். இல்லாவிட்டால் நான் எதற்காக அவளோடு அந்த மலையிலிருந்து விழ வேண்டும்?

பிறகு ‘கிரகணம்’ வருகிறது. பேரரசனாகும் கனவுக்காகக் கிரிஃபித் தன் படையையே பேய்களுக்குப் பலி கொடுக்கிறான். மறுபிறப்பெடுத்து வந்து அவன் செய்யும் முதல் காரியம் காஸ்காவை வன்புணர்வது. கட்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான், பேயின் பற்களில் சிக்கிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு அவளிடம் ஓடப் பார்க்கிறான். அந்தப் பக்கங்களை நான் விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கிரிஃபித்தின் கண்கள் காஸ்காவைப் பார்க்கவில்லை, கட்ஸைப் பார்க்கின்றன. இரண்டு ஆண்களுக்கு இடையில் ஒரு கடிதம் போகிறது. காஸ்காவின் உடல்தான் அந்தக் கடிதம் எழுதப்பட்ட காகிதம்.

போரில் இப்படித்தானே நடக்கிறது, ஆண்கள் ஆண்களுக்குச் சேதி அனுப்பப் பெண்ணுடலைத்தானே பயன்படுத்துகிறார்கள், உண்மையைத்தானே காட்டினார் என்று கேட்பார்கள். உண்மைதான். தமிழில் வாசிக்கிற நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கிரிஃபித் அவளைக் காகிதமாக்குவது ஒன்று, கதையே அவளைக் காகிதமாக்குவது வேறு. முதலாவதைக் காட்டலாம், காட்டவும் வேண்டும். இரண்டாவது நடந்ததா இல்லையா என்பது அந்தக் காட்சியில் தெரியாது. அடுத்து என்ன வருகிறது என்பதில்தான் தெரியும்.

அடுத்து வருவது மௌனம். காஸ்கா மனம் சிதைந்து, பேச்சிழந்து, கைக்குழந்தை போல ஆகிவிடுகிறாள். தன் பெயருக்குத் திரும்பிப் பார்க்க மாட்டாள். யாராவது சோறூட்ட வேண்டும், காணாமல் போனால் தேட வேண்டும், காப்பாற்ற வேண்டும். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த நிலை 2018 வரை நீடித்தது. இருபது வருடம்! தொடர் வெளிவந்த காலத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தை கல்லூரி முடிக்கும் அளவுக்கான காலம். அவ்வளவு நாளும் கோபம் கட்ஸுடையது, துக்கம் கட்ஸுடையது, பழிவாங்கும் பயணம் கட்ஸுடையது. இடையில் ஓரிடத்தில் அவனே தன்னிலை இழந்து அவள்மீது பாய்கிறான். அதுகூட அவனுடைய குற்றவுணர்ச்சியின் கதையாகத்தான் விரிகிறது.

மனம் அப்படிச் சிதைவதுண்டு, அதுவும் உண்மைதான் என்று இதற்கும் பதில் வரும். சரி. ஆனால் இதே தொடரிலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது. கட்ஸ் சிறுவனாக இருந்தபோது அவனை வளர்த்தவன் மூன்று வெள்ளிக்காசுக்கு அவனை ஒரு சிப்பாயிடம் ஒரு இரவுக்கு விற்றிருக்கிறான். அந்தக் காயத்தை மியூரா எப்படி எழுதுகிறார் தெரியுமா? கட்ஸுக்குக் கெட்ட கனவு வருகிறது. யாராவது தொட்டால் உடல் விறைக்கிறது. காஸ்காவோடு முதல்முறை கூடும்போது அந்த நினைவு வந்து அவள் கழுத்தை நெரிக்கப் போய்விடுகிறான். பிறகு அழுதபடி எல்லாவற்றையும் அவளிடம் சொல்கிறான். அவள் கேட்கிறாள், அவனை அணைத்துக்கொள்கிறாள். வன்முறைக்கு ஆளான ஆணின் அகத்தை இவ்வளவு நுட்பமாக எழுதத் தெரிந்த கை அது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல இடமில்லை. ஆணின் காயத்துக்கு வாய் இருக்கிறது, பெண்ணின் காயத்துக்கு வாயில்லை. ஒரே புத்தகம், ஒரே பேனா.

என் அக்கா மகளுக்கு இந்த இடத்தில்தான் பதில் சொல்லப் பார்த்தேன். வாக்கு மீறப்பட்டது என்றேன். “வாக்கு குடுத்தது உங்களுக்கு. அப்ப ஏமாந்தது நீங்க. காஸ்கா இல்ல,” என்றாள். தர்க்கத்தில் கெட்டி.

அதைப் பற்றி நிறைய யோசித்தேன். சாகக்கிடக்கும் அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறோம்: தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன், அந்த வீட்டை விற்க மாட்டேன். அவள் போய்விடுகிறாள். பிறகு வாக்கை மீறினால் அவளுக்கு வலிக்கப் போவதில்லை, அவள் இல்லை. ஆனாலும் ‘அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டேன்’ என்றுதான் மனசு சொல்லும். ‘வாக்கைக் கேட்டுக்கொண்டிருந்த உறவினருக்குத் துரோகம்’ என்று சொல்லாது. அப்படியென்றால் அநீதிக்கு ஆளாவதற்கு வலியை உணரும் உடல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. செத்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்களே, காஸ்கா எப்போதுமே இருந்ததில்லையே என்று அவள் மடக்குவாள். மடக்கட்டும். அந்த வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இல்லாத ஒருத்தியைப் பற்றி ‘அவளுக்கு’ என்று நாம் பேசுவதில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்ற அளவுக்காவது இந்த உதாரணம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கதை வாசிப்பதே அந்தப் பொருளை நம்பித்தான்.

வெறும் தர்க்கத்தோடு நிற்காமல், இதே விஷயத்தை வேறு விதமாகச் செய்தவர்களைப் பார்க்கலாம். ஜப்பானில் மங்கா முதலில் மாத, வார இதழ்களில்தான் வரும். இதழ் யாருக்கானது என்பதை வைத்துத்தான் தொடருக்கே பெயர்: பையன்களுக்கு ஷோனென், சிறுமிகளுக்கு ஷோஜோ, வளர்ந்த ஆண்களுக்கு செய்னென். பெர்செர்க் வந்துகொண்டிருக்கும் ‘யங் அனிமல்’ கடைசி வகை; நீச்சலுடைப் பெண்களின் புகைப்படங்கள் இல்லாமல் அந்த இதழ் வராது. அந்தப் புகைப்படங்களைத் தாண்டித்தான் காஸ்காவிடம் வந்து சேர வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஷோஜோ பக்கத்தில், 1970களில், 1949ஐ ஒட்டிப் பிறந்த பெண் ஓவியர்கள் சிலர் அதுவரை ஆண்களின் கையில் இருந்த சிறுமிகளின் இதழ்களைத் தலைகீழாக மாற்றினார்கள். ரியோகோ இகெடா 1972இல் தொடங்கிய ‘வெர்சாயின் ரோஜா’வில் ஆஸ்கர் என்ற பெண்ணை அவளுடைய தந்தை ஆணாக வளர்க்கிறார்; பிரெஞ்சு அரசியின் மெய்க்காவல் படையில் சேரும் அவள் கடைசியில் மக்கள் பக்கம் நின்று பாஸ்டில் சிறைத் தாக்குதலில் சாகிறாள். படையில் தலைமை தாங்க வேண்டுமானால் ஆண் உடுப்பு போட்டாக வேண்டும் என்பது ஒரு சலுகைதான், எனக்கும் தெரிகிறது. ஆனால் சாவு அவளுடையது. யாருடைய கோபத்தைக் கிளப்பவும் அவள் சாகவில்லை. அவளுடைய காதலன் முந்தைய நாளே போய்ச் சேர்ந்துவிடுகிறான் என்பது கூடுதல் செய்தி.

அந்தத் தலைமுறையில் மோட்டோ ஹாகியோதான் என் கணக்கில் பெரியவர். 1992 முதல் 2001 வரை அவர் வரைந்த தொடரின் தலைப்பைத் தமிழில் ‘கொடிய கடவுள் ஆள்கிறான்’ எனலாம். 17 தொகுதிகள். ஜெரமி என்ற பையனின் விதவைத் தாய் ஒரு பணக்கார ஆங்கிலேயனை மணக்கிறாள். அவன் அந்தப் பையனைத் தொடர்ந்து பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறான். தாயின் சந்தோஷம் கெட்டுவிடுமே என்று பையன் வாயைத் திறப்பதில்லை. ஒரு கட்டத்தில் காரைச் சேதப்படுத்தி அவனைக் கொல்லத் துணிகிறான். அந்தக் காரில் தாயும் ஏறிவிடுகிறாள். இருவரும் சாகிறார்கள்.

ஆண்களின் இதழில் இது கதையின் உச்சமாக இருந்திருக்கும். ஹாகியோவுக்கு இது பாதிகூட இல்லை. மிச்சத் தொகுதிகள் முழுவதும் ‘பிறகு’தான். செத்தவனின் மகன், ஜெரமிக்கு அண்ணன் முறை, முதலில் நம்ப மறுக்கிறான், பிறகு நம்புகிறான், நம்பிய பிறகும் அவனுக்கு ஒன்றும் புரிவதில்லை. ஜெரமி நல்ல பலியாளாக நடந்துகொள்வதில்லை. பொய் சொல்கிறான், போதைக்குப் போகிறான், உதவ வருகிறவர்களைக் கடிக்கிறான். அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்தும் தெரியாதவளாக இருந்தாளா என்ற கேள்வி அவனை விடுவதில்லை. வாசிக்கும்போது நான் பலமுறை அலுத்துப் போனேன். எப்போதுதான் இவன் தேறுவான் என்று புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். உயிர்தப்பியவர்களைச் சுற்றியிருக்கும் நாம் எல்லோரும் அப்படித்தான் அலுத்துக்கொள்கிறோம். ஹாகியோ அதை எனக்குக் காட்டவில்லை, என்னிடமிருந்தே வரவழைத்தார்.

ஆனால் இங்கே ஒரு நெருடல். இந்த அளவுக்கு அகம் கொடுக்க அவருக்கும் ஒரு பையனின் உடல்தான் வேண்டியிருந்தது. ஷோஜோவில் இது வழக்கம். சிறுமிகள் தங்களுக்கு நடப்பதை நேராகப் பார்க்க முடியாதபோது ஒரு பையனின் உடலைத் திரையாக வைத்துப் பார்க்கிறார்கள் என்று சொல்வார்கள். பாதுகாப்பான தூரம். எனக்கு அது புரிகிறது. நானே அந்தத் தூரத்தை நன்றியோடு பயன்படுத்தியிருக்கிறேன். ஆனாலும் கட்ஸுக்கு ஒரு அகம், ஜெரமிக்கு ஒரு அகம் என்று எண்ணிக்கொண்டு வரும்போது, பெண்ணுக்கு எப்போது என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஃபூமி யோஷினாகா அதைச் செய்தார். அவருடைய ‘ஓஓக்கு’ 2004இல் தொடங்கி 19 தொகுதிகளில் முடிந்தது. பெர்செர்க்கை வெளியிடும் அதே ஹகுசென்ஷா நிறுவனம்தான், ஆனால் பெண்களுக்கான வேறு இதழ். எடோ காலத்து ஜப்பானில் ஆண்களை மட்டும் கொல்லும் ஒரு கொள்ளைநோய் வருகிறது. ஷோகுன் ஆட்சிப்பீடம் பெண்களின் கைக்கு வருகிறது, அந்தப்புரத்தில் ஆண்கள் அடைக்கப்படுகிறார்கள். முதல் பெண் ஷோகுன் ஆகும் சிறுமி தானாக அங்கே வந்தவளல்ல. செத்துப்போன தந்தையின் பெயரையும் உடுப்பையும் அவள்மீது மாட்டி, ஷோகுன் உயிரோடிருப்பதாக நாட்டை ஏமாற்றுகிறார்கள். அவள்மீதும் வன்முறை நடந்திருக்கிறது. யோஷினாகா அதில் நிற்பதில்லை. அந்தச் சிறுமி கொடூரமானவளாக வளர்கிறாள், மற்றவர்களை வதைக்கிறாள், பிறகு ஆளக் கற்றுக்கொள்கிறாள். ஒருநாள் பெண்ணாகவே சபையில் வந்து அமர்கிறாள். அவளைப் பார்த்து நான் ஒருமுறைகூட ‘ஐயோ பாவம்’ என்று சொல்லவில்லை. அவள் அதற்கு நேரம் கொடுப்பதில்லை.

2001 முதல் 2010 வரை வந்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ பையன்களுக்கான தொடர். வரைந்தது ஹிரோமு அரகாவா என்ற பெண். ஹிரோமி என்ற இயற்பெயரை ஆண்பெயர் போல ஒலிக்கும்படி மாற்றிக்கொண்டவர். அதில் வின்ரி என்ற பெண், தன் பெற்றோரைக் கொன்றவனுக்கு எதிரே துப்பாக்கியோடு நிற்கிறாள், சுட முடியாமல் போகிறது. உன் கைகள் கொல்வதற்கானவை அல்ல என்று கதாநாயகன் சொல்லித் தேற்றுகிறான். அவள் கைகள் எதற்கானவை என்று அவன் எப்படி முடிவு செய்யலாம் என்று நான் பல்லைக் கடித்தேன். ஆனால் பல தொகுதிகள் கழித்து, யாரும் சொல்லாமல், அதே கொலைகாரனின் காயத்துக்கு அவளே கட்டுப் போடுகிறாள். கட்டிக்கொண்டே, நடந்த அநியாயத்தை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே என்கிறாள். மன்னிப்பையும் இரக்கத்தையும் பெண்களின் தலையில் ஒரே மூட்டையாகக் கட்டி ஏற்றும் வழக்கத்தை அந்த ஒரு பக்கம் பிரித்துப் போட்டுவிடுகிறது. கட்டுப் போடுவது அவள் தொழில், அவள் பெற்றோரின் தொழில். மன்னிப்பு அவள் சொத்து. கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்று, எனக்கு இன்னும் ஆறாத ஒன்று, ‘அட்டாக் ஆன் டைட்டன்’ முடிந்த விதம். ஹஜிமே இசயாமா 2009இல் தொடங்கி 2021இல் முடித்தார். கதையின் வேரில் யிமிர் என்ற அடிமைச் சிறுமி இருக்கிறாள். அவள் பெறும் பேருருவ சக்தியை அரசன் தன் போருக்கும் பாலங்கட்டவும் பயன்படுத்துகிறான். பரிசாக அவளுக்குத் தன் பிள்ளைகளைக் கொடுப்பதாக அறிவிக்கிறான். அவனை நோக்கி வந்த ஈட்டியைத் தன்மேல் வாங்கி விழுகிறாள். எழுந்து வேலையைப் பார் என்கிறான். அவள் செத்ததும், சக்தி போய்விடக் கூடாதென்று அவள் உடலை அவளுடைய மூன்று மகள்களுக்கே தின்னக் கொடுக்கிறான். செத்த பிறகும் விடுதலை இல்லை. வேறோர் உலகில் 2,000 வருடம் மண் பிசைந்து அரசகுலத்துக்காகப் பேருருவங்களைச் செய்துகொண்டிருக்கிறாள். இவ்வளவு நேரமும் இசயாமா அவள் கண்களை நிழலில் மறைத்தே வரைகிறார். நீ அடிமையல்ல, முடிவு உன்னுடையது என்று எரென் அவளிடம் சொல்லும்போதுதான் முதல்முறையாக அவள் கண்கள் தெரிகின்றன, நீர் நிரம்பி. மங்காவில் இதற்கு இணையாக என்னை உலுக்கிய கட்டங்கள் மிகக் குறைவு.

பிறகு கடைசி அத்தியாயம். அவள் ஏன் 2,000 வருடம் கீழ்ப்படிந்தாள்? அந்த அரசனைக் காதலித்தாளாம்.

வதைப்பவனிடம் மனம் ஒட்டிக்கொள்வது நடக்காத காரியமல்ல. அடித்த கணவனின் சட்டையை அன்றிரவே இஸ்திரி போட்டு வைத்த பெண்களை நமக்குத் தெரியும். அவர்களுடைய மனசை எழுத வேண்டும், கேலி செய்யாமல் எழுத வேண்டும். என் புகார் வேறு. இதை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். எரென் ஆர்மினிடம் சொல்கிறான். இரண்டு பையன்கள் பேசிக்கொள்கிறார்கள், நடுவில் அவள் மனசைப் பற்றி ஒரு தகவல் கைமாறுகிறது. யிமிர் தன் வாயால் அதைச் சொல்வதில்லை. முடிவு உன்னுடையது என்று கண்களைக் கொடுத்த கதை, காரணத்தைச் சொல்லும் வாயை அவளுக்குக் கொடுக்கவில்லை. மறுபடியும் அதே கடிதம், அதே காகிதம். 34 தொகுதிகளில் ஒரு பக்கம் போதும், அவள் பேசுவதற்கு.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், வன்முறையைக் காட்டினார்களா மறைத்தார்களா என்பது எனக்கு இப்போது பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. ஹாகியோ காட்டுகிறார், சகிக்க முடியாத அளவுக்குக் காட்டுகிறார். நான் பார்ப்பது மிச்சப் பக்கங்கள் யாருக்குப் போகின்றன என்பதைத்தான். ஆய்வாளர்களுக்கு இது எளிமையாகத் தெரியலாம். விரலை மடக்கி எண்ணக்கூடிய ஒரு அளவுகோலாவது என்னிடம் இருக்கிறதே என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மியூராவிடம் திரும்புகிறேன், ஏனென்றால் அவரை இத்தோடு விட்டுவிடுவதும் நியாயமில்லை. 2018இல், 40ஆம் தொகுதியில், காஸ்காவின் சிதைந்த மனத்துக்குள் இருவர் நுழைகிறார்கள். கட்ஸ் அல்ல. ஃபார்னீஸ் என்ற பெண், ஷீர்கே என்ற சூனியக்காரச் சிறுமி. ஃபார்னீஸ் ஒரு காலத்தில் மதத்தின் பெயரால் மனிதர்களை எரித்த படையை நடத்தியவள். காஸ்காவுக்குச் சோறூட்டியும் தலைவாரியும்தான் அவள் மனுஷியானாள். அந்தக் கனவுவெளியில் அடிபட்ட ஒரு கறுப்பு நாய் ஒரு சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே உடைந்த ஒரு பொம்மை. இரண்டு பெண்களும் முள்ளுக்குள் கைவிட்டு அதன் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். காஸ்கா கண்விழிக்கிறாள். தோழிகளோடு பேசுகிறாள், தன் பெயர் தெரிகிறது, சிரிக்கவும் செய்கிறாள். இத்தனை வருடம் அவளுக்காக அலைந்த கட்ஸ் வந்து நிற்கிறான். அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் திரும்பி வர, அலறிச் சுருண்டுவிடுகிறாள்.

கதாநாயகனின் உழைப்புக்குக் கூலியாக அவளைக் கொடுத்துவிடவில்லை மியூரா. அவள் குணமாவது அவனுக்கான பரிசல்ல என்று இருபது வருடம் கழித்தாவது எழுதினார். எனக்கு அந்த இடத்தில் அகலிகைதான் நினைவுக்கு வந்தாள். கல்லானவள் எழுந்த பிறகு என்ன ஆகிறாள் என்று கேட்டவர் புதுமைப்பித்தன். சீதைக்கு நடந்ததைக் கேள்விப்பட்டதும் அவருடைய அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ‘சாபவிமோசனம்’ வாசித்தவர்களுக்கு, எழுப்புவதோடு கதை முடிவதில்லை என்பது தெரிந்த சங்கதி. எழுந்த காஸ்காவுக்குக் கல்லாகவும் வழியில்லை, கட்ஸைப் பார்க்கவும் வழியில்லை. அங்கிருந்து அவளுடைய கதை தொடங்கியிருக்க வேண்டும்.

2021 மே மாதம் மியூரா இறந்துவிட்டார். 54 வயது. அடுத்த வருடம் அவருடைய நண்பர் கோஜி மோரியும் மியூராவின் உதவியாளர்களும் சேர்ந்து தொடரைத் தொடர்ந்தார்கள். கதை எப்படி முடியும் என்று ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு முன் மியூரா தன்னிடம் சொல்லியிருப்பதாகவும், அதை மட்டுமே எழுதப் போவதாகவும் மோரி அறிவித்தார். அப்படி வந்த புதிய அத்தியாயங்களில், காஸ்கா புகலிடம் தேடிய தீவு அழிகிறது. கிரிஃபித் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். இருபது வருடம் காத்திருந்து எழுந்தவளுக்குக் கிடைத்த சொற்ப நாட்கள் அத்தோடு சரி. கட்ஸ் உடைந்துபோய், வாளையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் துக்கத்துக்குப் பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன.

நான் இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். காஸ்கா இப்போது கிரிஃபித்தின் நகரத்தில் ஓர் அறையில் இருக்கிறாள். மனம் தெளிவாக இருக்கிறது, பேச்சு இருக்கிறது, வாள் பிடிக்கத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன் இரண்டு இளைஞர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிய அந்தக் கதையில் அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று இருந்ததோ, அல்லது அவளை மீட்க வருகிறவனைப் பற்றி மட்டும்தான் இருந்ததோ. அடுத்த தொகுதிக்குக் காத்திருக்கிறோம், நானும் என் அக்கா மகளும்.